இரண்டாவது பெயர்

"நாமினி நீங்க இல்லம்மா" என்று வங்கி அதிகாரி சொன்னபோது அவளுக்கு அது ஒரு செய்தியாகவே படவில்லை. கணவன் போனதிலிருந்து யார் என்ன சொன்னாலும் பக்கத்து வீட்டு ரேடியோ மாதிரிதான் காதில் விழுந்தது. அதிகாரி திரையைப் பார்த்து ஒரு பெண்ணின் பெயரைப் படித்தார். இறந்தவருக்கு இவர் என்ன உறவு என்று கேட்டார். கூடப்பிறந்த அக்கா என்றாள். அந்த அக்கா நேரில் வந்து கையெழுத்துப் போட வேண்டும், பணமும் அவருடைய கணக்குக்குத்தான் போகும் என்று சொல்லிவிட்டு, நாளைக்கு அவரைக் கூட்டிக்கொண்டு வரச் சொன்னார். எதைக் கேட்டாலும் நாளைக்கு என்பதால், வரிசையில் நிற்கிறவர்கள் அவருக்கு 'நாளைக்கு சார்' என்றே பெயர் வைத்திருந்தார்கள்.

அவள் துணிக் கம்பெனியில் தைத்து வரும் சட்டைகளுக்குப் பிசிறு வெட்டுகிறவள். சனிக்கிழமை சாயங்காலம் சூப்பர்வைசர் கவரில் போட்டுக் கொடுப்பதைப் பிரிக்காமல் கணவனிடம் கொடுப்பாள். வெல்டிங் பட்டறையில் தான் வாங்கியதோடு அதையும் சேர்த்து அவன் பேங்க் மெஷினில் போட்டுவிட்டு வருவான். தனக்கென்று ஒரு கணக்கு வேண்டும் என்று அவளுக்குத் தோன்றியதில்லை. அவன் கணக்கில் இருப்பது தன்னுடையது இல்லை என்றும் தோன்றியதில்லை. பட்டறையில் கரண்ட் அடித்து அவன் விழுந்த பிறகுதான், கார்டின் ரகசிய எண்கூடத் தனக்குத் தெரியாது என்பது தெரிந்தது. வீட்டுக்காரர் வாடகைக்கு இரண்டு தடவை ஆள் அனுப்பிவிட்டார். பள்ளிக்கூடத்திலிருந்தும் ஃபீஸ் கேட்டு மகளிடம் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

"நாத்தனா கைக்குப் போன காசு திரும்பி வந்ததா எங்கயாவது கேட்டிருக்கியா?" என்றாள் வெட்டு மேசையில் எதிரே உட்காருகிறவள்.  அவள் கையில் கத்தரிக்கோல் தன் பாட்டுக்குப் போய்க்கொண்டிருந்தது. பணத்தைப் பற்றிக்கூட அவள் அவ்வளவு நினைக்கவில்லை. ஒரே பாயில் படுத்து எழுந்தவன், அந்தப் பெயரை மாற்றவே இல்லை என்பது மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. வலிக்கவில்லை. இருந்தது, அவ்வளவுதான்.

நாத்தனார் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா. கல்யாணம் செய்துகொள்ளவில்லை. தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவள். தம்பி கல்யாணம் ஆனதும் சம்பளத்தை அக்கா கையில் கொடுப்பதை நிறுத்திவிட்டான். அதில் பேச்சு தடித்து, இனி இந்த வாசல்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். சாவுக்கும் படி ஏறவில்லை. தெருவிலேயே நின்றாள். தூக்கிக்கொண்டு போனபோது பின்னாலேயே கொஞ்ச தூரம் நடந்தாள்.

ஆஸ்பத்திரியின் பின்வாசலில், பிழிந்த துடைப்பங்களைச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்த நாத்தனாரிடம் அவள் விஷயத்தைச் சொன்னாள். வரும் வழியெல்லாம் கோத்து வைத்திருந்த வார்த்தைகள் எதுவும் வேண்டியிருக்கவில்லை. நாத்தனார் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டாள். அந்தக் கணக்கைத் திறந்து கொடுத்ததே தான்தான் என்றாள். அவன் பட்டறையில் சேர்ந்த புதிதில், யாராவது சிபாரிசு செய்தால்தான் கணக்கு என்று பேங்கில் சொல்லிவிட்டார்களாம். இங்கே ஒரு டாக்டரிடம் கெஞ்சி வாங்கிக் கொடுத்தாளாம். நாமினி என்று இன்னொருத்தர் பெயர் கேட்டபோது அவனுக்கு அக்காவைத் தவிர யார் இருந்தார்கள்?

சரிந்த துடைப்பம் ஒன்றை நிமிர்த்தி வைத்துவிட்டு நாத்தனார் சொன்னாள். "மாத்தணும்னே அவனுக்குத் தெரிஞ்சிருக்காது. அதுக்கப்புறம் அவன் எங்க பேங்குக்குள்ள போனான், எல்லாம் மெஷின்லதானே எடுத்தான்."

ஆறுதலாகச் சொல்கிறாளா, பெருமையாகச் சொல்கிறாளா என்று அவளுக்குப் புரியவில்லை. சரி அண்ணி என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் இருவரும் தனித்தனியாக வந்து வங்கி வாசலில் சேர்ந்துகொண்டார்கள். நாத்தனாருக்கும் கணக்கு இல்லை என்பது அங்கே போன பிறகுதான் தெரிந்தது. தம்பியைக் கைபிடித்துக் கூட்டிவந்து கணக்குத் திறந்து கொடுத்தவளுக்கு ஆஸ்பத்திரியில் இன்னும் கவரில்தான் சம்பளம். நாளைக்கு சார் பெருமூச்சு விட்டார். புதுக் கணக்கு திறக்க வேண்டும், நாளைக்கு வாருங்கள் என்றார்.

"நாளைக்கு வர முடியாது சார். லீவு இல்ல" என்றாள் நாத்தனார், நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து.

நாத்தனார் உட்கார்ந்த விதத்தில் ஏதோ இருந்திருக்க வேண்டும். அவர் புதுப் படிவத்தை எடுத்தார். விலாசம் கேட்டு எழுதினார். அவள் நின்றபடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிகிற சமயத்தில் நாத்தனார், "இவ பேரையும் சேத்துப் போடுங்க" என்றாள்.

அவர் நிமிர்ந்தார். கூட்டுக் கணக்கு என்றால் இருவரில் யார் வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம், ஒருவரைக் கேட்காமலே இன்னொருவர் முழுவதையும் எடுத்துவிடலாம், பிறகு இங்கே வந்து சண்டை போடக்கூடாது என்றார்.

"ஒவ்வொரு தடவையும் நான் லீவு போட்டுட்டு வந்து நிக்க முடியுமா? போடுங்க."

நின்றுகொண்டிருந்தவளை உட்காரச் சொன்னார். உறவு என்ன என்று கேட்டார். தம்பி பொண்டாட்டி என்று நாத்தனார் சொன்னாள். கணக்குக்கு நாமினி யார் என்று கேட்டார். நாத்தனார் முகத்தைத் திருப்பாமலே அவளிடம் கேட்டாள்.

"பாப்பாவுக்கு என்ன பேரு வெச்சீங்க?"

அவள் சொன்னாள். நாத்தனாரின் உதடுகள் சத்தமில்லாமல் அதை ஒரு தடவை சொல்லிப் பார்த்தன. அவளுக்கு அழுகை வரும்போல இருந்தது. வரவில்லை. காத்துப் பார்த்தாள், வரவில்லை.

கடைசியாகப் போட்டோ. மேசை மேல் இருந்த சின்ன கேமராவை அவர் திருப்பி வைத்தார். திரையில் ஒருத்தியின் பாதித் தோள் வெளியே போனது. இன்னும் கொஞ்சம் நெருங்கி உட்காரச் சொன்னார். அவள் நாற்காலியை நகர்த்தினாள். நாத்தனார் மேலிருந்து ஃபினாயில் வாசனை வந்தது. தோளோடு தோள் முட்டியது. அவர் பொத்தானை அழுத்தினார், மறுபடி அழுத்தினார்.

"சர்வர் போயிடுச்சு. அசையாம அப்படியே இருங்கம்மா, இப்ப வந்துடும்."

பின்னால் வரிசையில் யாரோ முணுமுணுத்தார்கள். மின்விசிறி ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு சுற்றியது. திரையில் நின்றுபோன சட்டத்துக்குள் இரண்டு முகங்களும் இருந்தன. எதிரே கேமராவின் சின்னக் கண்ணைப் பார்த்தபடி, தோள் விலகாமல், இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள்.