முதலில் இரவல் கேட்டவள்

ரோசினாவின் ஐந்து மாதக் குழந்தை ஒட்டிலி நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டே வந்தாள். பிறந்தபோது இருந்த கன்னம் கிறிஸ்துமஸ் வரைக்கும்கூட நிலைக்கவில்லை. பிப்ரவரியில் அழக்கூடத் தெம்பில்லாமல் பூனைக்குட்டி மாதிரி முனகினாள். டாக்டர் இருந்த ஊருக்கு நாற்பது மைல், வழியெல்லாம் மார்பளவு பனி.

ரோசினாவுக்குப் பால் வற்றிவிட்டது என்பதை அந்த வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை. பால் வற்றினால் குற்றம் தாய்மேல். கண் பட்டால் குற்றம் ஊர்மேல். இரண்டாவதுதான் எல்லோருக்கும் சௌகரியம். வீட்டுப் பசுவோ நிறைசினை, மார்ச்சில்தான் கன்று போடும். கோதுமைக் கஞ்சியை வடிகட்டிக் கொடுத்தால் குழந்தை கக்கிவிட்டது.

"யாரோ கை வச்சிருக்கா" என்றாள் நாத்தனார் பிலிப்பினா. "பார்த்தாலே தெரியுது. கொல்லனைக் கூப்பிட்டு மந்திரிக்கச் சொல்லு, இம்மானுவேல்."

பிலிப்பினா கெட்டவள் இல்லை. ருஷ்யாவில் கருங்கடல் பக்கத்து ஜெர்மன் கிராமத்தில் இரண்டு குழந்தைகளைப் புதைத்துவிட்டு, புருஷனையும் பறிகொடுத்து, தம்பி இம்மானுவேலோடும் அவன் பெண்டாட்டி ரோசினாவோடும் அமெரிக்காவின் இந்த டகோட்டாவுக்கு வந்து சேர்ந்தவள். அப்போது மந்திரிக்காமல் விட்டுவிட்டோமே என்ற நெருப்பு அவள் வயிற்றில் இன்னும் அணையவில்லை. அதனால் அவளோடு யாரும் வாதாட முடியாது. ரோசினா முயன்றதுமில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் கொல்லன் கிறிஸ்தோஃப் வந்தான். பனிச்சறுக்கு வண்டியை விட்டிறங்கி, கையை அடுப்பில் நன்றாகச் சூடுகாட்டிக்கொண்டு, சட்டைப்பையிலிருந்து சிவப்பு நூல் எடுத்தான். குழந்தையை உச்சியிலிருந்து உள்ளங்கால்வரை அளந்தான். பிறகு இரண்டு கையையும் விரித்துப் பிடித்து விரல்நுனியிலிருந்து விரல்நுனிவரை அளந்தான். இரண்டு அளவும் ஒத்துவரவில்லை, இரண்டு விரற்கடை குறைந்தது. உதட்டுக்குள்ளேயே ஏதோ சொல்லி, பிதா, சுதன், பரிசுத்த ஆவி என்று மூன்று முறை குழந்தையின் முகத்தில் ஊதினான்.

அந்த நூலை, சமையலறையிலிருந்து தொழுவத்துக்குப் போகும் கதவின் கீலில் சுற்றிக் கட்டினான். "கதவு திறந்து மூட நூல் தேயும். நூல் தேயத் தேய நோவும் தேயும்" என்றான். "ஒன்பது நாள் இந்த வீட்டைவிட்டு ஒரு பொருள் வெளியே போகப்படாது. உப்பு, நெருப்பு, ஊசி, எதுவும். வாங்கலாம், கொடுக்கப்படாது. முதல்ல யார் இரவல் கேட்டு வர்றாளோ, அவ கைதான் புள்ளை மேல இருக்கு. காரணத்தை அவகிட்டச் சொன்னா எல்லாம் பாழ்."

ரோசினாவுக்குக் கண்ணில் நீர் முட்டியது. நன்றி என்று சொல்ல வாயெடுத்தவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். நன்றி சொன்னால் மந்திரித்தது பலிக்காது. புகை போட்ட பன்றிக்கறியை மேசையில் யாருக்கோ மறந்து வைத்ததுபோல் இம்மானுவேல் வைத்தான். கொல்லனும் தற்செயலாகக் கண்டதுபோல் எடுத்துக்கொண்டு போனான்.

அன்றிலிருந்து ரோசினாவுக்கு ஜன்னலே கதியாகிவிட்டது. இரவல் கேட்க முதலில் யார் வருவார்கள் என்று அவளுக்குத் தெரியாதா என்ன? அரை மைல் தள்ளி அவள் தங்கை சலோமே இருந்தாள். பாவாடை கட்டிய நாள்முதல் ரோசினாவின் பொருளில் பாதி சலோமே கையில்தான் இருக்கும். சீப்பு, நூல்கண்டு, சல்லடை, உப்பு. கேட்பாள், மறப்பாள், மறந்ததற்கும் சிரிப்பாள். ஓடிப்போய் "இந்தப் பக்கம் வந்துடாதடி" என்று சொல்லவும் வழியில்லை, சொன்னால் பாழ். கர்த்தரே, வேறு யாரையாவது அனுப்பு என்று ரோசினா வேண்டினாள். கிணற்றடி வீட்டு வாயாடி வந்தால் தேவலை, பாஸ்டரின் பெண்டாட்டி வந்தாலும் சரி என்றுகூட வேண்டினாள். அப்படி வேண்டுவது பாவம் என்று தெரிந்தும் வேண்டினாள்.

திங்கட்கிழமை காலையில் பனிக்கு நடுவே ஒரு சிவப்புச் சால்வை தெரிந்தது.

சலோமே ஒரு கையில் சின்னக் கிண்ணமும், மறுகையில் அம்மா கொடுத்த நீல எனாமல் கூஜாவுமாக வாசலில் வந்து நின்றாள். மூக்கு சிவந்து போயிருந்தது. "கதவைத் திறக்கா, செத்தே போயிடுவேன் போல. எங்க ஆடு குட்டி போட்டிருக்கு. பால் கொண்டாந்தேன், குட்டிப் பொண்ணுக்குக் குடு. அப்புறம் ரொட்டி மாவு புளிக்க ஒரு கரண்டி புளிமாவு குடுத்தனுப்பு. எங்க வீட்டுது குளிர்ல வெறைச்சுச் செத்துப்போச்சு. மூணு நாளா ரொட்டி இல்லை, பசங்க என்னையே கடிச்சுத் தின்னுடுங்க."

கேட்டுவிட்டாள்.

ரோசினாவின் முதுகுக்குப் பின்னால் பிலிப்பினாவின் மூச்சு நின்றது நன்றாகக் கேட்டது.

"இல்லை" என்றாள் ரோசினா.

"எது இல்லை? அதோ அலமாரியில பொங்கி வழியுது."

"தர முடியாது, சலோமே."

சலோமே சிரித்தாள். அக்கா விளையாடுகிறாள் என்றுதான் நினைத்தாள். பிறகு அக்காவின் முகத்தைப் பார்த்தாள். "நான் என்ன பண்ணேன்?"

நீ ஒன்றும் பண்ணவில்லை என்று சொல்ல ரோசினாவுக்கு நெஞ்சு துடித்தது. வாயைத் திறந்தால் காரணம் கொட்டிவிடும் என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"கதவைச் சாத்து, குளிர் வருது" என்றாள் பிலிப்பினா.

சலோமே கூஜாவைப் படியில் வைத்தாள். "ஒரு கரண்டி மாவுக்கா? என்கிட்டயாக்கா?" என்று மட்டும் கேட்டுவிட்டு வெறும் கிண்ணத்தோடு திரும்பிப் போனாள்.

"பார்த்தியா?" என்றாள் பிலிப்பினா. குரலில் ஜெயித்த சந்தோஷம் இல்லை, பயம்தான் இருந்தது. "சொந்தத் தங்கச்சி! அதுலயும் ஆட்டுப்பால். சாத்தானோட மிருகம் ஆடு. கொண்டுபோய்த் தொழுவத்துல கொட்டு. புள்ளை கண்ணுலகூடக் காட்டாதே."

ரோசினா கூஜாவைத் தூக்கிக்கொண்டு தொழுவத்துக்குப் போனாள். சாணக் கால்வாய்க்கு மேலே கூஜாவைச் சாய்த்தாள். பாலின் வாசம் வந்தது, கொழுத்த பால். அவள் கை சாயமாட்டேன் என்றது. அப்படியே நின்று அழுதாள். பிறகு கூஜாவை வெளிச்சுவர் ஓரத்துப் பனியில் புதைத்துவிட்டு, ஒரு சிறு கிண்ணம் பாலை மட்டும் பசுவின் மடியோடு அணைத்துச் சூடாக்கினாள்.

அடுத்த ஐந்து நாளும் அவள் குழந்தையைச் சால்வைக்குள் சுருட்டிக்கொண்டு பசுவைப் பார்க்கப் போனாள். "கன்னு எப்ப வேணா வந்துடும் மதினி, பார்த்துட்டு வந்துடறேன்." உறைந்துபோன பாலைக் கத்தியால் பெயர்த்து, உருக்கி, சுத்தமான துணியை நனைத்து வாயில் வைத்தாள். கூஜாவைக் கண்டதும் ஒட்டிலி வாயைத் திறக்கப் பழகிக்கொண்டாள். இது சாத்தானின் பாலா, தங்கையின் பாலா என்று ரோசினா ஒவ்வொரு தடவையும் நடுங்கினாள். நடுங்கிக்கொண்டேதான் கொடுத்தாள். ஒரு நாளைக்குப் பத்துத் தடவை நூல் கட்டிய அந்தக் கதவு திறந்தது, மூடியது.

ஒன்பதாம் நாள் சனிக்கிழமை கொல்லன் வந்தான். கீலில் நூலைத் தேடினான். அறுந்து, பொடிப்பொடியாய், ஒரு இழைதான் மிச்சம் இருந்தது.

"இவ்வளவு வெரசா தேஞ்ச நூலை என் வாழ்நாள்ல பார்த்ததில்லை" என்றான். பொய் சொல்லவில்லை அந்த மனுஷன். உண்மையிலேயே அசந்து போயிருந்தான். குழந்தையை அளந்தான். அளவு ஒத்துவந்தது. ஒட்டிலி அவன் மீசையை எட்டிப் பிடித்தாள். இம்மானுவேல் திரும்பி நின்று மூக்கைச் சிந்தினான்.

"யார் கேட்டு வந்தா?"

"சலோமே" என்றாள் பிலிப்பினா.

கொல்லன் தலையாட்டினான். "அப்ப அவளுக்கு இந்த வீட்டுக் கையால எதுவும் போகப்படாது. ஒன்பது நாளோட முடியறதில்லை, ஆயுசுக்கும். கொடுத்தா போன நோவு திரும்பி வந்துடும்."

ரோசினா வாயைத் திறந்தாள். பால் என்று சொல்லத்தான் திறந்தாள். ஆனால் குழந்தை அவள் மடியில் கனத்தாள். பால்தான் காப்பாற்றியது என்று சத்தியம் பண்ண அவளால் முடியுமா? நூலும் தேய்ந்திருக்கிறதே. மாவைக் கொடுத்திருந்தால் என்ன ஆகியிருக்குமோ, யார் கண்டது? வாயை மூடிக்கொண்டாள்.

மறுநாள் கோவிலில் பெண்கள் பக்கத்துப் பெஞ்சில் சலோமேவைச் சுற்றி இடம் காலியாகக் கிடந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமலே ஊருக்குப் பரவிவிட்டது. கிணற்றடி வீட்டு வாயாடி தன் மகளைக் கையைப் பிடித்து இழுத்து அடுத்த வரிசையில் உட்கார வைத்தாள்.

திங்கட்கிழமை சலோமே திரும்ப வந்தாள். படியேறவில்லை, முற்றத்திலேயே நின்றாள்.

"எனக்கு மாவு வேண்டாம். என் கூஜாவைக் குடுங்க."

"அதுகூட இல்லைன்னா எப்படி? அவ பொருள்தானே" என்ற இம்மானுவேல் தொழுவத்துக்குப் போய்க் கூஜாவை எடுத்து வந்தான். அது கழுவிக் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்ததை அவன் யோசித்துப் பார்க்கவில்லை. ஆம்பிளைகள் பாத்திரத்தை எங்கே பார்த்தார்கள்.

"டேய், கொடுக்கறது கொடுக்கறதுதாண்டா!" பிலிப்பினா அவன் கையைப் பிடித்தாள். "உன் புள்ளையைப் பாரு, இப்பத்தான் பொழைச்சிருக்கு!"

கூஜா இரண்டு பேர் கையிலும் ஆடியது. ரோசினாவின் இடுப்பில் இருந்த ஒட்டிலி அந்த நீலத்தைப் பார்த்தாள். பார்த்ததும் காலை உதைத்தாள், எட்டித் தாவினாள், வாயைத் திறந்தாள். பறவைக்குஞ்சு மாதிரி திறந்தபடியே காத்திருந்தாள்.

சலோமே அதைப் பார்த்தாள். குழந்தையை, கூஜாவை, கடைசியில் அக்காவை.

"பாலை என்னக்கா பண்ணே?" என்று மெதுவாகக் கேட்டாள். "அது ஒண்ணை மட்டும் சொல்லு."

ஒரு வார்த்தை போதும். அந்த ஒரு வார்த்தை தங்கையை ஊரின் வாயிலிருந்து மீட்டுவிடும். அதே வார்த்தைக்கு இந்த வீடு குழந்தையை என்ன செய்யும், கொல்லன் சொன்னதுபோல் நோவு திரும்பி வந்துவிடுமா, ரோசினாவுக்குத் தெரியவில்லை. கன்று இன்னும் வரவில்லை. மார்பில் பால் இன்னும் ஊறவில்லை. குழந்தையின் தலையைத் தோளில் அழுத்தி முகத்தை மறைத்தாள்.

"கொட்டிட்டேன்" என்றாள்.

சலோமே முகத்தில் கோபம் வரும் என்று ரோசினா எதிர்பார்த்தாள். வந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"சரிக்கா" என்றாள் சலோமே. "நல்லாத் தேறிட்டா." சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டு, கூஜாவை வாங்காமலே நடந்தாள்.

இம்மானுவேல் கூஜாவை மேசையில் வைத்தான். ஒட்டிலி அதைப் பார்த்து வீடே அதிர வீறிட்டு அழ ஆரம்பித்தாள்.

"இது ஏன் இப்படிக் கத்துது?" என்றான்.

"பசி" என்றாள் ரோசினா.