பதினோராவது பென்டிரைவ்

கல்யாணத்துக்கு மூன்று நாள் லீவு கேட்டேன். எங்கள் முதலாளி எத்திராஜ் காலண்டரைப் பார்த்தார். பிறகு என் கட்டை விரலைப் பார்த்தார்.

"முகூர்த்தத்த பத்து மணிக்கு மேல வெச்சிக்க முடியாதாம்மா ரோஷினி? எட்டு மணிக்கு வந்து மெசின ஸ்டார்ட் பண்ணிட்டு அப்டியே மாங்காடு கோயிலுக்குப் போயிடலாமே?"

விளையாட்டாகக் கேட்கவில்லை. அதுதான் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

அம்பத்தூர் எஸ்டேட்டில் எங்கள் பட்டறையில் இருப்பது தகடு வெட்டுகிற ஒரே ஒரு கம்ப்யூட்டர் மெஷின். அதன் ஹார்ட் டிஸ்க் செத்து ஐந்து வருடமாகிறது. ரிப்பேருக்கு வந்த இன்ஜினியர் ஒரு ரெக்கவரி பென்டிரைவைக் கொடுத்து, "தற்காலிகமா இதை வச்சு ஓட்டுங்க" என்று சொல்லிவிட்டு துபாய்க்குப் போய்விட்டார். அன்றிலிருந்து தினமும் காலையில் அதைச் சொருகினால்தான் மெஷின் எழுந்திருக்கும்.

சொருகினால் மட்டும் போதாது. ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எத்திராஜ் சார் அந்தப் பென்டிரைவுக்குச் சந்தனம் பூசிக் குங்குமம் வைப்பார். மூடி மேல் வைத்துத் தொலைத்தாலும் பரவாயில்லை. சொருகுகிற முனையில்தான் வைப்பார். "அதாம்மா அதுக்கு மூஞ்சி." ஐந்து வருடக் குங்குமம் உள்ளே இறுகிக் கிடந்தது. இடது பக்கம் லேசாகச் சாய்த்து, கட்டை விரலால் ஆறு நிமிடம் அசையாமல் அழுத்திப் பிடிக்க வேண்டும். கை நடுங்கினால் மறுபடி முதலிலிருந்து. பட்டறையிலேயே நடுங்காத கை என்னுடையது ஒன்றுதான். பில் டைப் அடிக்க வந்தவள் நான். இரண்டு வருடமாகக் காய்ச்சலோடுகூட வேப்பம்பட்டிலிருந்து ரயிலேறி வந்து பிடித்திருக்கிறேன்.

"சார், இந்தப் பென்டிரைவை அப்படியே ஒரு இமேஜ் ஃபைலா எடுத்துட்டா, எத்தனை பென்டிரைவுல வேணும்னாலும் இறக்கிக்கலாம். யார் சொருகினாலும் ஸ்டார்ட் ஆகும்."

"உள்ள கீறது எல்லாம் வந்துடுமா?"

"எல்லாம் வரும்."

"குங்குமம்?"

"அது வராது சார்."

அவர் முகம் வாடிவிட்டது. பழைய பிரஷ்ஷால் முனையைத் தேய்த்துவிடலாமா என்று கேட்டதற்கு, "அஞ்சு வருசத்து சாமி குங்குமம்மா அது" என்று எழுந்தே நின்றுவிட்டார்.

ஆகவே சனிக்கிழமை மதியம் ஆபீஸ் கம்ப்யூட்டரில் அதைச் சொருகி, அழுத்திப் பிடித்தபடியே, முதலில் ஃபைல்களை மட்டும் புதுப் பென்டிரைவுக்குக் காப்பி செய்து பார்த்தேன். மெஷினில் போட்டால் கறுப்புத் திரை. "பூஜ போடல, அதான்" என்றார் சார். காரணம் அதுவல்ல. மெஷினை எழுப்புகிற பகுதி எந்த ஃபோல்டரிலும் தெரியாது. பென்டிரைவின் ஆரம்பத்தில் ஒளிந்திருக்கும். முதலிலிருந்து கடைசி வரை ஒன்று விடாமல் அள்ளுகிற சாஃப்ட்வேர் வேண்டும். அதைத் தேடிப் பிடித்துப் போட்டேன். நாற்பத்தேழு நிமிடம் என்று காட்டியது.

நாற்பத்தேழு நிமிடமும் பிடித்தேன். மெஷின் ஓட்டுகிற கன்னியப்பன் அண்ணன் எனக்கு டீயை வாயில் ஊற்றினார். தொண்ணூற்றெட்டு சதவீதத்தில் தும்மல் வந்தது. அண்ணன் பாய்ந்து என் மூக்கைப் பிடித்துக்கொண்டார். இப்போது நினைத்தாலும் அந்த மனுஷனைக் கும்பிடத் தோன்றுகிறது.

இமேஜைப் புதுப் பென்டிரைவில் இறக்கிச் சொருகினோம். யாரும் பிடிக்காமலே மெஷின் எழுந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

அதேபோல் பத்து செய்து கொடுத்தேன். சார் பத்தையும் தாம்பாளத்தில் வாங்கிக்கொண்டு, "நீ ஜம்முனு போய் கல்யாணம் பண்ணிக்கம்மா" என்றார். தாம்பாளம் வந்தால் பின்னாலேயே சந்தனக் கிண்ணமும் வரும். சத்தம் போடாமல் பதினோராவது ஒன்று செய்து முதலுதவிப் பெட்டிக்குள் ஒளித்தேன். எங்கள் பட்டறையில் யாரும் திறக்காத பெட்டி அது.

கல்யாணத்தன்று காலை எட்டு ஐந்துக்குப் போன் வந்தது. தலையில் பாதிப் பூ வைத்திருந்தார்கள்.

"தங்கச்சி, பத்தும் அவுட்டு" என்றார் கன்னியப்பன் அண்ணன். "புச்சு சாமானுக்கு பூஜ போடாம தொடக்கூடாதுன்னு நேத்து எல்லாத்துக்கும் பொட்டு வெச்சிட்டாரு. சந்தனம் இன்னும் ஈரமா கீது. பழசுக்கும் சேத்து அப்பிட்டாரு."

"முதலுதவிப் பெட்டியில பஞ்சுக்கு அடியில பாருங்கண்ணே. சார் கண்ணுல மட்டும் காட்டிடாதீங்க."

பத்து நிமிடத்தில் அண்ணன் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பினார். மெஷின் ஓடிக்கொண்டிருந்தது. அதற்கு மேலே சுவரில் என் ஐடி கார்டு படம், பெரிதாக்கி ஃப்ரேம் போட்டு. நெற்றியில் பொட்டு, பக்கத்தில் ஊதுபத்தி, கழுத்தில் மாலை. தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்த அம்மா, "ஐயோ, என் பொண்ணு!" என்று கத்தியதில் நாதஸ்வரக்காரர் வாசிப்பதை நிறுத்திவிட்டார்.

உடனே சாருக்குப் போன் போட்டேன். "சார், உயிரோட இருக்கிறவ படத்துக்கு யாராவது மாலை போடுவாங்களா?"

"ஒன் கை பட்டாத்தானேம்மா அது ஸ்டார்ட் ஆவும்? நீ இல்ல, ஒன் படமாவது இருக்கட்டும்னு வெச்சேன். கற்பூரம் காட்னேன், சட்டுனு ஓடிச்சி. மாலை... கல்யாணத்தன்னிக்குப் போடாம பின்ன என்னிக்கும்மா போடுவாங்க?"

போனை வைத்தேன். அம்மாவைச் சமாதானப்படுத்தி, தாலி கட்டிக்கொண்டேன்.

மறுநாள் காலை எட்டு மணிக்குப் போன் வரவில்லை. பக்கத்தில் என் கணவர் தமிழரசு தூங்கிக்கொண்டிருந்தார். நான் இல்லாமலே மெஷின் ஓடுகிறது. இதற்காகத்தானே அத்தனை பாடும் பட்டேன்? ஆனாலும் நெஞ்சுக்குள் எங்கோ சுருக்கென்றது.

"இன்னா பண்ற?" என்று அவர் கண்ணைத் திறக்காமலே கேட்டார். "கட்டில் ஆடுது."

அப்போதுதான் கவனித்தேன். கட்டில் சட்டத்தை, இடது பக்கம் லேசாகச் சாய்த்து, கட்டை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தேன். மணியைப் பார்த்தேன். எட்டு நான்கு.

"இன்னும் ரெண்டு நிமிஷம் இருங்க" என்றேன்.