எந்த ஊர் மணி

சிராங்கூன் சாலையில், ரமீஸின் பாத்திரக் கடைக்கு மேலே சுவரிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் பழைய இரும்புக் கடிகாரம், இராசமலர் கீழே வந்து நின்றால் லண்டன் மணியைக் காட்டும். அவர் நகர்ந்ததும் முள்கள் சிங்கப்பூர் மணிக்குத் திரும்பிவிடும். இராசமலர் ஈசூனில் குடியிருப்பவர், பள்ளிக்கூட அலுவலகத்தில் எழுத்து வேலை பார்க்கும் கிராணியாக இருந்து ஓய்வுபெற்றவர், யாருக்கும் ஒரு தொந்தரவும் தராதவர். ரமீஸ் முதலில் கடிகாரத்துக்கு எண்ணெய் விட்டுப் பார்த்தார். அது பலிக்காமல் போகவே, இந்த அம்மாவுக்குக் கால் வலிக்குமே என்று ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் மட்டும் வர வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். ஒருமுறை இராசமலர் அப்படி வந்துவிட, கடிகாரம் பகல் மணி காட்டுவதை நம்பி வெளிநாட்டு ஊழியர்கள் சிலர் இன்னொரு தேநீருக்கு உட்கார்ந்து, கிராஞ்சி விடுதிக்குப் போகும் லாரியைக் கோட்டைவிட்டார்கள். கைபேசியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டே கடிகாரத்தை அண்ணாந்து பார்க்கிற மனிதர்கள் இன்னும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இது தொடங்கியது இராசமலரின் மகன் யதீசன் வீட்டைவிட்டுப் போன பிறகு. கல்யாணப் பத்திரிகை கொடுத்து, கோயில் மண்டபம் பேசி, பெண்வீட்டார் புடவைகூட எடுத்துவிட்ட நிலையில், எனக்குக் கல்யாணம் வேண்டாம் என்றான் பையன். காரணம் கேட்டால் பயமாக இருக்கிறது என்றான். அவனுடைய அப்பா அம்பலவாணர் அரசாங்க அலுவலகத்தில் காலம் தள்ளியவர், சொன்ன சொல் மாறாதவர். அப்படிப்பட்டவர்களோடு குடித்தனம் நடத்துவது எவ்வளவு கஷ்டம் என்பது இராசமலருக்குத்தான் தெரியும். கோபம் வந்தால் உன்னைத் தலைமுழுகிவிட்டேன் என்று சொல்லாத அப்பா யார்? சொல்லிவிட்டு எல்லோரும் சாப்பிட உட்கார்ந்துவிடுவார்கள். அம்பலவாணர் குளியலறைக்குள் போய்த் தண்ணீரைத் திறந்து, இழவு வீட்டிலிருந்து திரும்பியவரைப் போல நிஜமாகவே தலைமுழுகினார். சொட்டச் சொட்டக் கூடத்தின் நடுவில் வந்து நின்றார். யதீசன் அந்த ஈரத்தைப் பார்த்தான். பெட்டியை எடுத்துக்கொண்டு போய்விட்டான். தரையைத் துடைத்தது இராசமலர்.

பையன் கைபேசி எண்ணை மாற்றிவிட்டான். அவனுடைய பள்ளிக்கூட நண்பன் கீதன், ஜூரோங்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்ப்பவன், யதீசன் லண்டனில் இருப்பதாக மட்டும் சொன்னான். அதற்குள் ரமீஸின் கடிகாரம் அதைச் சொல்லியிருந்தது. மார்ச் மாதக் கடைசியில் கடிகாரம் திடீரென்று ஒரு மணிநேரம் முன்னால் தாவியபோது, பையனுக்கு என்னவோ ஏதோ என்று இராசமலர் பதறிப்போனார். அங்கே கோடைக்காலத்தில் மணியை மாற்றுவார்கள் என்று கீதன் விளக்கிய பிறகுதான் அவருக்குச் சோறு இறங்கியது.

கைக்கடிகாரமும் ரயில் நிலையத்து எண்பலகையும் அவரைச் சட்டை செய்யவில்லை. ஊருக்குப் பொதுவாக நிற்கும், முள் வைத்த பழைய கடிகாரங்கள் மட்டுமே அவரை அடையாளம் கண்டுகொண்டன. சிங்கப்பூரில் அப்படிப்பட்டவை எத்தனை இருந்துவிடப் போகின்றன? விக்டோரியா அரங்கத்து மணிக்கோபுரத்தைப் பார்த்து முடித்ததும், இராசமலர் முதியோர் சுற்றுலாக்களில் பெயர் கொடுக்கத் தொடங்கினார். தைப்பிங், ஈப்போ, பினாங்கு என்று பேருந்து எங்கே நின்றாலும், இங்கே பழைய மணிக்கூண்டு எங்கே இருக்கிறது என்பதுதான் அவருடைய முதல் கேள்வி. மற்றவர்கள் அருவிக்கும் பிஸ்கட் கடைக்கும் போவார்கள். இவர் தீயணைப்பு நிலையத்துக்குப் பின்னால், பழைய சந்தையின் முகப்பில், வங்கிக் கட்டடத்தின் மூலையில் என்று ஒவ்வொன்றாகத் தேடிக் கண்டுபிடிப்பார். ஒரு சின்ன ஊரில் வருஷக்கணக்காக ஓடாமல் கிடந்த தெருக் கடிகாரம், அவர் தலைக்கு மேலே கிறீச்சிட்டுக்கொண்டு லண்டன் மணிக்கு நகர்ந்தது. அதன் துரு உதிர்ந்து அவர் கூந்தலெல்லாம் செம்மண் நிறமாயிற்று. ஒருமுறை யாழ்ப்பாணம் போனபோது அங்கிருந்த மணிக்கூண்டும், அவருடைய தாத்தா பிறந்த ஊர் என்றெல்லாம் பார்க்காமல், லண்டன் மணியையே காட்டியது.

அம்பலவாணர் இதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்டதில்லை. தலைமுழுகியவனைப் பற்றி விசாரிப்பது முறையில்லை. ஆனால் கையில் கடிகாரம், சுவரில் கடிகாரம், மேசைமேல் கைபேசி எல்லாம் வைத்துக்கொண்டு, மனைவி சிராங்கூன் சாலையிலிருந்து திரும்பிக் காய்கறிப் பையை இறக்கி வைப்பதற்குள், "மணி என்ன, மலர்?" என்று கேட்பார்.

"பன்னிரண்டு ஆகப்போகுது."

"அப்ப சாப்பாட்டு நேரம்," என்பார்.

வெளியே இருட்டியிருக்கும். இராசமலர் தட்டு வைப்பார். மகன் எங்கோ மதியச் சோறு உண்ணும் வேளையில் இவர்கள் இரவுச் சோறு உண்டார்கள். வருஷங்கள் இப்படியே போயின. அம்பலவாணருக்குச் சிறுநீரகம் கெட்டு, இரத்தச் சுத்திகரிப்புக்குப் போய்வரும் நிலைமை வந்தது.

ஒருநாள் ரமீஸின் கடிகாரத்தின் கீழே இராசமலர் வந்து நின்றார். முள்கள் அசையவில்லை. அது சிங்கப்பூர் மணியையே காட்டிக்கொண்டிருந்தது. ஒருவழியாகக் கடிகாரம் சரியாகிவிட்டது என்று ரமீஸ் சந்தோஷப்பட்டார். இராசமலர் வாங்கிய முருங்கைக்காயைக் கல்லாவிலேயே மறந்துவிட்டு வீட்டுக்கு ஓடினார். அன்றைக்கு அம்பலவாணர் மணி கேட்டபோது, "நம்ம மணிங்க," என்றார். அவர் எழுந்துபோய் முகம் மழித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, இரும்புக் கதவைத் திறந்து வைத்து அதற்கு எதிரே உட்கார்ந்தார். வீட்டில் இடியப்பமும் சொதியும் ஆயின. யாரும் வரவில்லை. மறுநாளும் கதவு திறந்தே இருந்தது. தீபாவளிக்குச் சிராங்கூன் சாலையில் விளக்குகள் ஏற்றி இறக்கியும் ஆயிற்று.

"கூச்சப்படுறான். ஊருக்கு வந்தவன் வீட்டுக்கு வராமலா போயிடுவான்?" என்றார் அம்பலவாணர். அவன் என்று ஒருவன் இருப்பதை அத்தனை வருஷத்துக்குப் பிறகு அவர் ஒத்துக்கொண்டது அப்போதுதான். ஊசி குத்திக் குத்திக் கறுத்துப்போன கையோடு, புது மாப்பிள்ளையைப் போல அவர் தினமும் சட்டை மாற்றினார்.

கடைசியில் இராசமலர் கீதனைத் தேடி ஜூரோங்குக்கே போய்விட்டார். அவன் தலையைச் சொறிந்தான். "ஆன்ட்டி, அவன் வேலை மாத்தி பெர்த் போயிட்டான் லா. அங்கயும் நம்ம டைம்தான்."

கடிகாரம் பொய் சொல்லவில்லை. கீதன் எண் கொடுத்தான். வீடு திரும்பி, அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில் கல் இருக்கையில் உட்கார்ந்து இராசமலர் மகனோடு பேசினார், பாதி நேரம் இருவரும் அழுதார்கள். அப்பா ஒரு வார்த்தை கூப்பிட்டால் அன்றைக்கே விமானம் ஏறிவிடுவதாக யதீசன் சொன்னான். அதைச் சொல்லத்தான் அவர் மின்தூக்கியில் ஏறினார். கதவுக்கு எதிரே வெள்ளைச் சட்டையில், வீங்கிய காலோடு, கணவர் அவரைப் பார்த்துச் சிரித்தார்.

"மணி என்ன, மலர்?"

மகன் இந்த ஊரிலேயே இல்லை என்று அந்த முகத்துக்கு எதிரே எப்படிச் சொல்வது? இன்றைக்கு இந்தச் சந்தோஷத்தோடு இருக்கட்டும், நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று தோன்றியது.

"நம்ம மணிதாங்க," என்றார்.

அம்பலவாணர் தலையை ஆட்டினார். விடிந்து பார்த்தபோது நாற்காலியிலேயே போயிருந்தார், முகம் கதவைப் பார்த்தபடி இருந்தது. உண்மையைச் சொல்லியிருந்தால் பிடிவாதத்தை விட்டுக் கூப்பிட்டிருப்பாரோ என்று இராசமலர் நெஞ்சில் அடித்துக்கொண்டார். கணவருக்காக அழுததைவிட அந்த ஒரு பதிலுக்காக அவர் அழுததுதான் அதிகம்.

யதீசன் வந்தான். நெற்றிப்பக்கம் நரைத்திருந்தது. மண்டாய் தகனச் சாலையில் காரியம் முடித்துத் திரும்பி, அதே குளியலறைக்குள் போய், அதே குழாயைத் திறந்து அப்பாவுக்காகத் தலைமுழுகினான். கூடத்தில் அப்பா அன்றைக்கு நின்ற இடத்திலேயே சொட்டச் சொட்ட வந்து நின்றான். இந்த முறை இராசமலர் தரையைத் துடைக்கவில்லை. துண்டை எடுத்து மகனின் தலையைத் துவட்டினார்.

அப்பாவுக்கு முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிப் படையலுக்குச் சாமான் வாங்க இருவரும் சிராங்கூன் சாலைக்குப் போனார்கள். ரமீஸ் இன்னொரு நாற்காலியும் கொண்டுவந்து போட்டார். மகன் பக்கத்திலேயே நிற்கிறான், ஆனாலும் இராசமலர் நிழலுக்குள் வந்ததும் கடிகாரத்தின் முள்கள் சுற்றத் தொடங்கின. வெகுநேரம் சுற்றி ஓரிடத்தில் நின்றன. யதீசன் கைபேசியை எடுத்து ஊர் ஊராகத் தேடிப் பார்த்தான். உலகத்தில் எந்த ஊரிலும் அப்போது அந்த மணி இல்லை.

"எந்த ஊர் மணிம்மா இது?"

"அப்பா இருக்கிற ஊரு."

அவன் கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்தான். அந்த முள்களில் மணி ஒன்று அடிக்கச் சற்று நேரம் இருந்தது.

"அப்ப சாப்பாட்டு நேரம்," என்றான்.

இராசமலர் சட்டென்று அவன் முகத்தைப் பார்த்தார். அவனுக்கு அது யாருடைய சொல் என்று தெரியாது. அவர் எழுந்து அடுத்த கடையில் தலைவாழை இலை வாங்கினார், இருவரும் வேகமாக வீட்டுக்குப் போனார்கள்.