நூற்றெண்பத்தைந்து மீட்டர்

பிரேம்குமார் படியேறி வந்தபோது நான் மூன்றாம் பக்கத்தில் ஒரு கண்ணீர் அஞ்சலி விளம்பரத்தைக் கால் அங்குலம் கீழே இறக்கிக்கொண்டிருந்தேன். காலை எட்டரை மணி. எங்களுடையது மாலைப் பத்திரிகை. பதினொன்றரைக்குள் நான்கு பக்கங்களும் தட்டாஞ்சாவடியில் இருக்கிற அச்சகத்துக்குப் போய்விட வேண்டும். அந்த நேரத்தில் முத்தியால்பேட்டையின் இந்த மாடி அலுவலகத்துக்கு வெளியாட்கள் வருவதில்லை. எம்.எல்.ஏ. தெய்வசிகாமணியின் உதவியாளரான பிரேம்குமார் எந்த நேரத்திலும் வந்ததில்லை. அவர் அனுப்புகிற மெயில் மட்டும் தினமும் வரும்.

"சார், ஒரு சின்ன டவுட்டு. கேட்டுட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

ஆசிரியர் புருஷோத்தமன் எழுந்துவிட்டார். இருபத்திரண்டு வருடமாக இந்தப் பத்திரிகையை நடத்துகிறவர். யார் வந்தாலும் எழுந்து நிற்பார் என்றாலும் இன்று நாற்காலி பின்னால் போய்ச் சுவரில் இடித்தது.

"போன் பண்ணிருந்தா நானே வந்திருப்பனே. ஒக்காருங்க. டீ சொல்லட்டா?"

"வேணாம் சார். இப்பதான் குடிச்சேன்."

பிரேம்குமார் ஒரு பிளாஸ்டிக் உறையிலிருந்து இரண்டு தாள்களை எடுத்து மேசையில் பரப்பினார். என் இடத்திலிருந்து எழுத்துகள் தெரியவில்லை. ஆனால் முதல் தாளின் நடுவில் இடமிருந்து வலமாகக் கீழே இறங்கும் நீலக் கோடு தெரிந்தது. அந்தக் கோட்டை வரைந்தது நான்.

எம்.எல்.ஏ.வின் நிகழ்ச்சிகள் பெரும்பாலும் காலை பத்தரைக்கு நடக்கும். அதற்கான செய்தி ஏழு மணிக்கே எங்களுக்கு வந்துவிடும். 'பூமி பூஜை செய்து பணியைத் தொடங்கி வைத்தார். பொதுமக்கள் திரளாகக் கலந்துகொண்டனர்' என்று எல்லாம் நடந்து முடிந்ததாகவே இருக்கும். மாலைப் பத்திரிகைக்கு வேறு வழியில்லை. நான் அதைப் பக்கத்தில் பொருத்தி, புகைப்படத்துக்கு ஒரு கட்டம் காலியாக விடுவேன். எங்கள் புகைப்படக்காரர் தணிகாசலம் அண்ணன் படமெடுத்து பத்தே முக்காலுக்கு அனுப்புவார். கட்டம் நிரம்பிவிடும். ஒருமுறை பெருமழையில் நிகழ்ச்சியே நடக்கவில்லை. செய்தி மட்டும் வந்தது. யாரும் எதுவும் கேட்கவில்லை.

செய்தி நீளமாக இருந்தால் கீழிருந்து வெட்டுவது என் வேலை. கலந்துகொண்டவர்களின் பெயர்கள் முதலில் போகும். பிறகு அடைமொழிகள். அதற்குப் பிறகும் இடம் போதவில்லை என்றால் எண்கள்.

எங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு தள்ளி ஒரு கழிவுநீர் வாய்க்கால் இருக்கிறது. போன கார்த்திகை மழையில் அது பொங்கி எங்கள் வீட்டுக்குள் முழங்கால் வரை வந்தது. அப்பாவும் நானும் பிரிட்ஜைக் கட்டில்மேல் தூக்கி வைத்தோம். தண்ணீர் வடிந்த பிறகும் ஒரு மாதம் சுவரில் அந்த வாடை இருந்தது. அதற்கு முன்பே வாய்க்காலைக் கட்டித் தருவதாக ஒரு பூமி பூஜை நடந்திருந்தது. மழைக்குப் பிறகு இன்னொன்று நடந்தது. இந்த வருடம் மூன்றாவது. மூன்று செய்திகளையும் பக்கத்தில் வைத்தது நான்தான் என்பது மூன்றாவதை வைக்கும்போதுதான் உறைத்தது. பழைய மெயில்களைத் தேடினேன். முதல் பூஜையில் வாய்க்காலின் நீளம் அறுநூற்று நாற்பது மீட்டர். இரண்டாவதில் நானூற்றுப் பத்து. மூன்றாவதில் நூற்றெண்பத்தைந்து. இடையில் அங்கே ஒரு கூடை மண்கூட எடுக்கப்படவில்லை. தினமும் அந்த வழியாகத்தான் பஸ் ஸ்டாப்புக்கு நடக்கிறேன்.

எனக்குப் பேச வராது. கல்லூரியில் வைவா என்றால் முந்தின நாளே காய்ச்சல் வந்துவிடும். எழுதினால் வரும். பெயர் போடாமல் ஒரு வலைப்பூ வைத்திருந்தேன். அதில் மூன்று தேதிகளையும் மூன்று நீளங்களையும் போட்டு, ஒரு வரைபடமும் வரைந்து, மீட்டர் என்று அலகும் குறித்தேன். 'குறைகிற வேகத்தைப் பார்த்தால் நான்காவது பூஜையில் வாய்க்காலின் நீளம் பூஜ்ஜியத்துக்குக் கீழே போய்விடும்' என்று ஒரு வரி எழுதினேன். வழக்கமாக நாற்பது பேர் படிப்பார்கள். அந்த வரியை யாரோ வாட்ஸ்அப்பில் போட்டுவிட, மூன்று நாளில் பதினோராயிரம் பேர் படித்திருந்தார்கள். அந்த எண்ணையே இரவும் பகலும் பார்த்துக்கொண்டிருந்தேன். சந்தோஷமாகத்தான் இருந்தது.

"இந்த அறுநூத்தி நாப்பது உங்க பேப்பர்ல வந்துது சார்" என்றார் பிரேம்குமார். பேனாவால் தாளைத் தொட்டார். "நானூத்திப் பத்தும் வந்துது. இந்த நூத்தி எம்பத்தஞ்சு எங்க வந்துது?"

ஆசிரியர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பழைய இதழ்க் கட்டைப் புரட்டினார். எனக்கு அந்தப் பக்கம் நினைவில் இருந்தது. இரண்டு பத்தி அகலத்துக்கு எம்.எல்.ஏ.வின் பிறந்தநாள் வாழ்த்து. அதற்கு இடம்விட நான் செய்தியைச் சுருக்கினேன். வெறும் 'வாய்க்கால் பணி' என்று மட்டும்தான் அச்சானது. வலைப்பூவில் எழுதும்போது பத்திரிகையைப் பார்த்து எழுதவில்லை. மெயிலைப் பார்த்து எழுதினேன். வெட்டியது நான் என்பதால் வெட்டுப்பட்டது மறந்துபோயிற்று.

"வர்லியே" என்றார் ஆசிரியர்.

"ஆமா வர்ல. எந்தப் பேப்பர்லயும் வர்ல. நீளத்தப் போடாதன்னு எம்.எல்.ஏ. அண்ணன் சொன்னாரு. மத்தவங்களுக்கு எடுத்துட்டுத்தான் அனுப்புனேன். உங்களுதுதான் மொதல்லியே போயிடுச்சு." சிரித்தார். "என் தப்புதான். அந்த மெயிலு இங்க யார் யாருக்குப் போவும் சார்?"

"எனக்கு. தணிகாசலத்துக்கு. அப்பறம் இந்தப் பொண்ணுக்கு."

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள். என் விரல் மவுசின் மேல் இருந்தது. கண்ணீர் அஞ்சலியில் இருந்த பெரியவர் திரையிலிருந்து என்னைப் பார்த்தார்.

"அறிவுமதி வாயத் தொறந்து நாலு வார்த்த பேசி நானே கேட்டதில்லீங்க" என்றார் ஆசிரியர். "டீ வேணுமான்னா கூட தலையத்தான் ஆட்டும்."

"என்னம்மா படிச்சிருக்க?"

"பி.எஸ்சி. பிசிக்ஸ்."

"அப்படியா? எங்க அக்கா பொண்ணும் அதான். எப்பப் பாத்தாலும் கிராஃபு போட்டுக்னு இருக்கும்." தாள்களை நிதானமாக உறைக்குள் திரும்பவும் செருகினார். "அப்பா இன்னும் சைக்கிள்லதான் டூட்டிக்குப் போறாராம்மா? மில் கேட்டாண்ட லாரிங்க கண்ணு மண்ணு தெரியாம வருது. பாத்து போவச் சொல்லு."

தலையாட்டினேன். அப்பாவைப் பற்றி நான் இந்த அலுவலகத்தில் யாரிடமும் சொன்னதில்லை.

அவர் ஆசிரியரிடம் திரும்பி, "அப்ப தணிகாசலம்" என்றார்.

ஆசிரியர் ஆமாம் என்று சொல்லவில்லை. மறுக்கவும் இல்லை. தணிகாசலம் அண்ணனைப் பற்றி யாரும் அப்படி நினைக்க முடியும். பூஜைக்குப் போகிற மண்வெட்டி ஆறு வருடமாகத் துருப்பிடிக்கவில்லை, அதற்கு மண் என்றால் என்னவென்றே தெரியாது என்று டீக்கடையில் நின்று உரக்கச் சொல்கிறவர் அவர்.

"எம்.எல்.ஏ. அண்ணன் ஒண்ணும் கோவமா இல்ல சார். நேர்ல பாத்துப் பேசணும்ன்றாரு, அவ்ளோதான். நாலு மணிக்கி ஆபீசுக்கு வரச் சொல்லுங்க. கேமராவயும் எடுத்துக்னு வரட்டும்."

அவர் இறங்கிப் போன பிறகு ஆசிரியர் வெகுநேரம் தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, என்னிடம்தான் என்று சொல்ல முடியாதபடி, "என் வீட்டுலயும்தான் தண்ணி வந்துது. நான் எழுதுனனா?" என்றார். கண்ணாடியைக் கழற்றிக்கொண்டே, "நல்லாதான் எழுதியிருக்கான், நாயி" என்றார்.

அப்போது சொல்லியிருக்கலாம். அறையில் நாங்கள் இருவர்தான். எழுதியிருக்கான் இல்லை சார், எழுதியிருக்கா என்று ஒரு சொல்லைத் திருத்தினால் போதும். நான் இரண்டாம் பக்கத்தைத் திறந்தேன்.

தணிகாசலம் அண்ணன் பதினோரு மணிக்கு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. அன்று ஒரு ரேஷன் கடைத் திறப்பு விழா.

"கடயத் தொறந்தாரு, போட்டோ எடுத்தேன், கடய மூடிட்டாங்க" என்றார். "உள்ள எட்டிப் பாத்தேம்மா. ஒரு தராசு இருக்குது. அதுவும் கண்காட்சிக்கு வெச்ச மாதிரி."

ஆசிரியர் சிரிக்கவில்லை. "தணிகாசலம், நாலு மணிக்கி எம்.எல்.ஏ. ஆபீசு வரைக்கும் போயிட்டு வந்துடு. ஒன்ன வரச் சொன்னாங்க. கேமராவோட" என்றார். ஏன் என்று சொல்லவில்லை.

"பொறந்த நாள் ஆல்பமா இருக்கும் சார். போன வருசம் வேற ஆளு எடுத்து மூஞ்சியெல்லாம் செவப்பா வந்துடுச்சு. அதான் என்ன தேடறாங்க." அவர் முகம் விரிந்தது. என் மேசைக்கு வந்து பையிலிருந்து சிறிய துணியை எடுத்து லென்ஸைத் துடைத்தார். "ஏம்மா மதி, இந்தச் சட்டயோட போலாமா, இல்ல வீட்டுக்குப் போயி மாத்திக்னு போவட்டா?"

"அண்ணா" என்றேன்.

"சொல்லும்மா."

லென்ஸில் ஜன்னல் சிறிதாகத் தெரிந்தது. அவர் காத்திருந்தார். எனக்காக எப்போதும் கொஞ்சம் அதிக நேரம் காத்திருக்கிற மனிதர் அவர். ஆசிரியர் தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"மாத்திக்னு போங்கண்ணா" என்றேன்.

மூன்று மணிக்கு அன்றைய இதழ் வந்தது. ரேஷன் கடை முதல் பக்கத்தில். மூன்றரைக்கு வலைப்பூவைத் திறந்து, பதிவை நீக்கும் பொத்தான் வரை போனேன். நீக்கினால் தணிகாசலம் பயந்து நீக்கிவிட்டதாகத்தான் ஆகும். நீக்காவிட்டாலும் அவர் எழுதியதாகத்தான் இருக்கும். இரண்டு பக்கமும் ஒரே விடை. நாலரைக்கு அவருக்கு போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. நாலே முக்காலுக்கு மறுபடியும் அடித்தேன். அணைக்கப்பட்டிருப்பதாகச் சொன்னது. செய்தி அனுப்பலாம் என்று தட்டச்சு செய்தேன். அவர் போன் இப்போது யார் கையில் இருக்கிறதோ என்று தோன்றியதும் அழித்தேன்.

ஆட்டோ பிடித்தேன். வழியெல்லாம் ஒரே வாக்கியத்தைச் சொல்லிப் பார்த்தேன். நான்தான் எழுதினேன், அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்து, "எங்கிட்டயாம்மா பேசறீங்க?" என்றார்.

எம்.எல்.ஏ. அலுவலகம் ஒரு பழைய வீடு. வாசலில் பந்தல் போட்டு, மனுவோடு வருகிறவர்களுக்காக நாற்காலிகள் போட்டிருப்பார்கள். எந்த நேரமும் பத்துப் பேராவது இருப்பார்கள் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். இன்று நாற்காலிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருந்தன. பந்தலில் யாரும் இல்லை. தணிகாசலம் அண்ணனின் ஸ்கூட்டர் மட்டும் ஓரமாக நின்றது. சாவி அதிலேயே இருந்தது. அவர் சாவியை விடுகிறவர் இல்லை. மகளுக்கு அடுத்தபடி அந்த வண்டி என்பார்.

திரும்பிப் பார்த்தேன். ஆட்டோ போய்விட்டது.

நான் மணியை அழுத்துவதற்கு முன்பே கதவு திறந்தது. பிரேம்குமார் நின்றார்.

"நான்தான் சார் எழுதுனேன். தணிகாசலம் அண்ணனுக்கு ஒண்ணும் தெரியாது. அவர விட்டுடுங்க."

கடைசி வார்த்தையை நான் தயார் செய்திருக்கவில்லை. என் குரல் எனக்கே அந்நியமாக இருந்தது. பிரேம்குமார் ஆச்சரியப்படவில்லை. கோபப்படவும் இல்லை. தாமதமாக வந்த ஒருவரைப் பார்ப்பதுபோலக் கைக்கடிகாரத்தைப் பார்த்தார்.

"வாம்மா."

குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

"வெளிய வுடாத. கையில எடுத்துக்னு வா."

எடுத்துக்கொண்டேன். எனக்குப் பின்னால் கதவு மூடியது. தாழ்ப்பாள் சத்தம் கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட ஏதாவது ஒன்று நிச்சயமாகியிருக்கும்.

உள்ளே ஏசி குளிர். தெய்வசிகாமணி சோபாவில் படிக்கும் கண்ணாடியோடு உட்கார்ந்திருந்தார். செய்திப் படங்களில் பார்ப்பதைவிடச் சிறிய ஆள். மடியில் அந்தத் தாள். எதிரே தணிகாசலம் அண்ணன் நல்ல சட்டையில் இருந்தார். அவருடைய கேமரா மேசைமேல் கிடந்தது. மெமரி கார்டு இருக்கும் இடத்தின் மூடி திறந்திருந்தது. உள்ளே காலி. அவர் என்னைப் பார்த்தார், என் கையிலிருந்த செருப்பைப் பார்த்தார், பிறகு தரையைப் பார்த்தார்.

"அண்ணா" என்றேன். அவர் நிமிரவில்லை.

"ஒக்காரும்மா" என்றார் எம்.எல்.ஏ. மென்மையான குரல். "மீட்டர் எல்லாம் கரெக்டா போட்டிருக்க. ஒண்ணுகூடத் தப்பில்ல. நானும் ஒக்காந்து சரிபாத்தேன்."

உட்கார்ந்தேன். மேசையில் நான்கு கோப்பைகள் இருந்தன. மூன்றின் அடியில் டீ காய்ந்து பழுப்பு வளையமாகியிருந்தது. நான்காவது ஒரு தட்டால் மூடப்பட்டிருந்தது. பிரேம்குமார் அதை என் பக்கம் நகர்த்தி, குனிந்து அந்தத் தட்டை எடுத்தார். ஆவி எழுந்தது. தட்டின் அடியில் நீர் முத்து முத்தாகக் கோத்திருந்தது. அதில் ஒன்று விளிம்புவரை ஓடி, விழாமல், அங்கேயே நின்றது.