தேரன்று வந்த முழுக் கரண்டு

திருச்சிக்குப் பீரோ வாங்கப் போன ராசாங்கம், மூடிப்போன பழைய கிளப் ஒன்றில் ஏலம் விட்ட பின்பால் விளையாட்டு மிசினோடு அரியலூருக்குத் திரும்பினான். சாய்ந்த மேசை போன்ற உடம்பு. மேலிருந்து இரும்புக் குண்டு உருண்டு வரும். பொத்தானை அமுக்கினால் கீழே உள்ள இரண்டு துடுப்புகள் அதைத் திருப்பி அடிக்க வேண்டும். மேசையை மூடியிருந்த கண்ணாடி லாரியிலேயே நொறுங்கிவிட்டது. தலைமாட்டுக் கண்ணாடி மட்டும் தப்பியது. அதில் ஒரு கப்பல், கரையில் சிவப்புக் கவுன் போட்ட ஒரு பெண், பின்னால் பல்புகள்.

"பீரோ எங்கங்க?" என்றாள் அவன் மனைவி செங்கமலம்.

"இதுக்கும் கதவு இருக்கு பாரு" என்று மிசினின் வயிற்றைத் திறந்து காட்டினான்.

பீரோ நிற்க வேண்டிய மூலையில் அது நின்றது. ஓடத்தான் இல்லை. பசி மயக்கத்தில் கை தூக்குகிறவன் மாதிரி துடுப்புகள் அரைகுறையாக எழுந்து விழுந்தன. அந்தப் பக்கத்துக் கரண்டு அப்படி. கிணறுகளில் மோட்டார் ஓடுகிறவரை வீட்டுப் பல்புகள் பூசணிப்பூ நிறத்தில்தான் எரியும்.

ஒருநாள் செங்கமலத்தின் அண்ணன் மாயவன் வந்து விழுந்து விழுந்து சிரித்தபோது அவளுக்கு ரோசம் பொத்துக்கொண்டு வந்தது. "கல்லங்குறிச்சிப் பெருமாள் தேருக்குள்ள இது ஓடலன்னா பழைய இரும்புக்குப் போட்டுடறோம். சத்தியம்!" என்று சொல்லிவிட்டாள்.

அதற்குப் பிறகுதான் வினை. கண்ணாடியைத் துடைக்கத் துடைக்க அந்தக் கவுன்காரிமேல் பாசம் விழுந்துவிட்டது. புஷ்பவல்லி என்று பெயரும் வைத்தாள். யாரும் இல்லாத நேரத்தில், "கப்பல் இன்னும் வரலியாடி?" என்று கேட்பாள். கடலையே பார்த்திராதவளுக்கு மத்தியான வேளைகளில் அந்த மூலையிலிருந்து உப்புக்காற்று அடிப்பதுபோல இருக்கும். இரும்புக் கடைக்கு இவளை எப்படி அனுப்புவது? சத்தியம் செய்த வாயை எப்படி மூடுவது?

ராசாங்கம் பம்புசெட் மோட்டாருக்குக் காயில் கட்டுகிறவன். 'கரண்டு கம்மியா வந்தாலும் ஓடணும்ணே' என்று கேட்பவர்களுக்கே கட்டிப் பழகிய கை. துடுப்புக் காயில்களைப் பிரித்து, தடித்த செம்புக் கம்பியில் சுற்றைக் குறைத்துக் கட்டினான். செங்கமலம் கம்பி சிக்காமல் பிடித்துக்கொண்டாள். துடுப்புகள் விறுக்கென்று எழுந்தன. அவள் முந்தானையால் வாயை மூடிச் சிரிப்பை மறைத்துக்கொண்டாள்.

தேரன்று கல்லங்குறிச்சியில் மாயவன் போட்டிருந்த டீக்கடையை ஒட்டித் தார்ப்பாய் கட்டி மிசினை நிறுத்தினார்கள்.

"மொத குண்டு எனக்குத்தான் மாப்ள" என்று மாயவன் முந்திக்கொண்டான். குண்டு உருண்டு வந்தது. பொத்தானை அமுக்கினான். துடுப்பு அடித்த அடியில் குண்டு மிசினை விட்டே எழும்பி, கூட்டத்தின் தலைக்கு மேல் பறந்து, டீக்கடைப் பால்சட்டிக்குள் 'டங்'கென்று விழுந்தது. காயில் கருகும் வாசனை வந்தது. ராசாங்கம் பாய்ந்து போய்க் கரண்டை நிறுத்தினான்.

"பாலுல தண்ணிதான் ஊத்துவாங்க. எங்க மாப்ள குண்டு போட்டுட்டாரு!" என்றான் மாயவன். கூட்டம் ஆர்ப்பரித்தது. "தங்கச்சி, சத்தியம் ஞாபகமிருக்குல்ல? இரும்புக்காரரு அந்தா முறுக்கு தின்னுட்டு நிக்கிறாரு."

காயில் கருகிவிட்டதா என்று பார்க்க ராசாங்கம் மறுபடி சுவிட்சைப் போட்டான். கடைசியாக ஒருமுறை புஷ்பவல்லியின் முகத்தைப் பார்த்த செங்கமலம் அப்படியே நின்றாள்.

"என்னாங்க, இவ மூஞ்சி இன்னிக்கு ஏன் இவ்ளோ வெள்ளையா இருக்கு?"

ராசாங்கம் பல்புகளைப் பார்த்தான். பிறகு கூட்டத்தைப் பார்த்தான். அவன் காயில் கட்டிக்கொடுத்த ஆட்கள் அத்தனை பேரும் நெல்மூட்டையும் கன்றுக்குட்டியுமாகப் பெருமாளுக்குக் காணிக்கை கொண்டுவந்து நின்றார்கள்.

"அடடா! மோட்டார் போடறவன் பூரா தேர் பாக்க வந்துட்டான். கரண்டு முழுசா வருது. நான் எளச்ச கரண்டுக்குல்ல கட்டுனேன்!"

"அப்ப எல்லாரையும் வூட்டுக்குப் போயி மோட்டார் போடச் சொல்லுங்க" என்றான் மாயவன்.

செங்கமலம் காதில் வாங்கவில்லை. பட்டறையில் புதுக் காயிலைச் சோதிக்கும்போது ராசாங்கம் ஒரு பல்பு வழியாகத்தான் கரண்டை விடுவான். வேகம் அடங்கி வரும்.

"பல்பு வழியா விடுவீங்களே, அதுமாரி விட்டா?"

"பல்பு பத்தாது புள்ள. பெருசா ஏதாச்சும் வேணும்."

குழம்பு சுடவைக்கக் கொண்டுவந்திருந்த கரண்டு அடுப்பைப் பையிலிருந்து இழுத்தாள். "இது?"

அடுப்பு வழியாகச் சுற்றிக்கொண்டு கரண்டு மிசினுக்குள் போனது. மாயவன் கரண்டியால் பாலிலிருந்து குண்டைத் தேடி எடுத்துக் கழுவித் தந்தான். இந்தமுறை குண்டு துள்ளவில்லை. துடுப்பு தட்டியதும் சரசரவென்று மேலேறி, மணியை அடித்துவிட்டு, செல்லமாக இறங்கி வந்தது. ஒவ்வொரு அடிக்கும் பல்புகள் ஒரு கணம் மங்கி மறுபடி எரிந்தன. புஷ்பவல்லி கண் சிமிட்டிக்கொண்டே இருந்தாள்.

மாயவன் மிசினை விட்டு நகரவே இல்லை. "யோவ், டீ குடுப்பியா மாட்டியா?" என்று கடைப்பக்கம் கத்தினார்கள். இரும்புக்காரர் முறுக்கோடு வந்து அவன் முதுகுக்குப் பின்னால் நின்றார்.

"தங்கச்சி, இவருக்கு என்னா பதில் சொல்றது?"

"அடுத்த ஆட்டம் அவருதுன்னு சொல்லுண்ணே."

ராசாங்கம் அவளருகே குனிந்து, "அடுத்த வாரம் பீரோவுக்குப் போயிட்டு வரேன்" என்றான்.

"வாங்கியாந்தா எங்க வெக்கிறது? எடமிருக்கா?" என்றாள் செங்கமலம். மிசினுக்குக் கரண்டு விட்டு வெதுவெதுத்துக்கொண்டிருந்த அடுப்பின்மேல் குழம்புச் சட்டியை ஏற்றினாள்.