காப்பித்தூள் டப்பா

இருபத்திரண்டு வருஷ சர்வீசில் சுயம்புலிங்கத்தின் மேல் ஒரு மெமோ கிடையாது. மயிலாப்பூர் வட்டத்து வீட்டுவரிப் பேரேடுகள் அவர் பொறுப்பு. அதில் மையால் எழுதுவதெல்லாம் சர்க்காருக்கு. சில பெயர்களின் ஓரத்தில் பென்சிலால், மாதத் தவணைக்கு அடையாளமாக, 'மா' என்று போட்டிருப்பது அவருக்கு மட்டும். மொத்தமாக வரி கட்ட முடியாத பதினேழு பேர் மாதாமாதம் கொடுக்கும் சில்லறையை வாங்கி, மேஜை டிராயரில் ஒரு காப்பித்தூள் டப்பாவில் போட்டு, தொகையை அந்த 'மா'வுக்குப் பக்கத்தில் பென்சிலிலேயே குறித்து வைப்பார். அரையாண்டு வரிக்குரிய தொகை சேர்ந்ததும் ரசீது போடுவார். 'மா' போட்ட பெயருக்கு ஜப்தி நோட்டீஸ் எழுதவே மாட்டார். விதியில் இதற்கெல்லாம் இடமில்லை. டப்பா விஷயம் வெளியே தெரிந்தால் வேலைக்கே உலை. என்ன செய்வது, பாவம் பார்த்தே பழகிப்போன மனிதர்!

எழுபத்துமூன்றாம் வருஷம் ஆபீசுக்குக் கம்ப்யூட்டர் மிஷின் வந்து சேர்ந்தது. பேரேடுகளைத் துளை அட்டைகளில் ஏற்றப் போகிறோம், தனிக்குறிப்பு ஏதாவது உண்டா என்று மேலிடத்தில் கேட்டார்கள். சுயம்புலிங்கம் டப்பாவை நினைத்துப் பயந்துபோய், 'இல்லை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். மையில் இருந்தது மட்டும் அட்டையில் ஏறியது. மிஷினுக்கு ஏது தாட்சண்யம்? வருஷத்துக்கு மேல் பாக்கி வைத்த அத்தனை பேருக்கும் ஒரே மத்தியானத்தில் நோட்டீஸ் அடித்துத் தள்ளிவிட்டது.

ஒன்றாம் தேதி, புதன்கிழமை, அமீனா பீ வழக்கம்போல் வரி கட்டும் ஜன்னல் முன் வந்து நின்றாள். தி.நகர் ஜவுளிக்கடை ஒன்றுக்கு ரவிக்கை தைத்துக் கொடுப்பவள். புருஷன் போனதிலிருந்து மூன்று அரையாண்டு பின்தங்கியே இருந்தாலும் ஒரு மாதம் தவறியதில்லை. நாலு ரூபாயை எண்ணி வைத்தாள்.

சுயம்புலிங்கத்துக்கு அவள் முகத்தைப் பார்க்கக் கூசியது. "நோட்டீஸ் வந்திச்சாம்மா?"

"வந்துச்சு நைனா. வெள்ளிக்கெயம வந்து தையல் மிஷினத் தூக்கினு பூடுவாங்களாம். நான் யாராண்டயும் வாயத் தொறக்கல. டப்பா கதைய சொன்னா உன் வேலைக்கில்ல ஆபத்து?"

"அப்ப இந்த நாலு ரூபா எதுக்கு?"

"இன்னா நைனா இப்படி கேக்குற? மாசம் பொறந்துச்சில்ல?"

அதற்குமேல் அவரால் உட்கார முடியவில்லை. வீட்டில் கல்யாணத்துக்கு நிற்கிற மகள் சீதா ஒரு நிமிஷம் கண்ணுக்குள் வந்து போனாள். இருக்கட்டும். வாயைத் திறக்கவேண்டியவன் வாய் மூடியிருக்க, வாயைத் திறக்க எல்லா நியாயமும் உள்ளவள் எனக்காக மூடிக்கொண்டு நிற்கிறாளே என்று அவருக்கு வெட்கமாக இருந்தது. டப்பாவை எடுத்துக்கொண்டு அதிகாரி கனகராஜின் அறைக்குள் போனார்.

கனகராஜ் பழைய பேரேடுகளை வரவழைத்தார். பென்சில் குறிகளையும் டப்பாவையும் ஒப்பிட்டார். ஒரு பைசா கூடவுமில்லை, குறையவுமில்லை. ஆனாலும் கத்தித் தீர்த்துவிட்டார்.

"சர்க்கார் பணத்த டிராயர்ல வச்சிருக்கீங்க! இதுக்கு என்ன பேர் தெரியுமாய்யா?"

"தெரியும் சார். என்னை என்ன வேணாலும் செய்யுங்க. அந்தம்மா தையல் மிஷின மட்டும் எடுத்துராதீங்க. அது போச்சுன்னா அடுத்த மாசம் நாலு ரூபா எங்கிருந்து வரும்?"

கனகராஜ் டப்பாவை மூடி வைத்தார். பிறகு அட்டைகளில் துளை போடும் தங்கபுஷ்பத்தைக் கூப்பிட்டார். "தவணையில கட்டறாங்கன்னு காட்ட இதுல இடம் இருக்காம்மா?"

அவள் அட்டையை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "கடைசி வரிசை காலியா இருக்கு சார். அதுல ஒரு துளை போட்டுட்டா, அந்த அட்டைய மிஷின் தனியா ஒதுக்கிடும். நோட்டீஸ் அடிக்காது."

மறுநாளே கனகராஜ் மேலிடத்துக்கு நடந்து, தவணைக்கு உத்தரவு வாங்கிவந்தார். பதினேழு அட்டைகளிலும் துளை விழுந்தது. வெள்ளிக்கிழமை எவர் வீட்டுக்கும் ஜப்தி ஆள் போகவில்லை. சுயம்புலிங்கத்துக்கு வேலை தப்பியது. ஒரு வருஷ இன்க்ரிமென்ட் போயிற்று. ஜன்னலிலிருந்து எடுத்துப் பழைய பேரேட்டு அறையில் போட்டார்கள். இனி வரிப்பணத்தைத் தொடக்கூடாது என்றும் எழுதிக் கொடுத்தார்கள்.

அடுத்த ஒன்றாம் தேதி, தூசி தட்டிக்கொண்டிருந்தவர் முன்னால் அமீனா பீ வந்து நின்றாள். ஜன்னலில் நாலு ரூபாய் கட்டி, மிஷின் அடித்த ரசீதும் வாங்கியிருந்தாள்.

"இதுல எல்லாம் கரீக்டா கீதாம். சொல்றாங்க. எனக்கு இன்னா தெரியும்?" ரசீதை அவரிடம் நீட்டினாள். "உன் பென்சில்ல ஒரு தபா போட்டுக் குடு நைனா."

பென்சில் எங்கே என்று தேடுவதற்குள் கண்ணீர் அவர் கண்ணை மறைத்தது. ரசீதைப் பேரேட்டின் மேல் வைத்து, ஓரத்தில் 'மா' என்று போட்டுக் கொடுத்தார்.