ஒரே பக்கத்தில் இரண்டு கட்சி

ஓட்டுச்சாவடிக்குப் போவதற்கென்றே பைபா தன் பச்சைக் கம்பளிக் கோட்டை எடுத்து மாட்டிக்கொண்டாள். கிறிஸ்துமஸுக்கும் சவ அடக்கத்துக்கும் மட்டும் அலமாரியை விட்டு வெளியே வரும் கோட்டு அது.

கைப்பையில் அட்டை இருக்கிறதா என்று மூன்றாம் தடவையாகப் பார்த்தாள். இருந்தது. 'வாக்காளர்: பைபா ஓசோலா.' மூன்று வாரத்துக்கு முன் தபாலில் வந்தது. ஓட்டுநர் உரிமத்தைப் புதுப்பிக்கப் போனபோது கவுண்டர் பெண் கொட்டாவி விட்டபடி திரையைத் தட்டிக்கொண்டே போனாள்; காட்டிய இடத்திலெல்லாம் பைபா கையெழுத்துப் போட்டாள். அதிலிருந்து முளைத்த அட்டை.

தான் இன்னும் அமெரிக்கக் குடிமகள் ஆகவில்லை என்பது அவளுக்கு மறந்துவிடவில்லை. முப்பது வருஷமாக கிரீன் கார்டில்தான் காலம் ஓடுகிறது. இப்போதுதான் விண்ணப்பம் போட்டிருக்கிறாள். டிசம்பர் பத்தாம் தேதி நேர்காணல்.

அதனால்தான் போகாமல் இருக்கப் பயம். பைபா வளர்ந்தது லாட்வியாவில், சோவியத் காலத்தில். அங்கே சீட்டில் ஒரே பெயர்தான் இருக்கும். அதை வாங்கிப் பெட்டியில் போட்டுவிட்டு வர வேண்டும். மத்தியானத்துக்குள் போகாவிட்டால் கதவைத் தட்டுவார்கள். ஒரு வருஷம் அப்பா ஜுரத்தில் படுத்திருந்தபோது பெட்டியே வீட்டுக்கு வந்தது. அரசாங்கம் ஓட்டுப் போடக் கூப்பிட்டு, போகாமல் இருந்தவர்கள் நன்றாக வாழ்ந்ததாக அவள் கேட்டதே இல்லை. நேர்காணல் வேறு வருகிறது. 'அட்டை அனுப்பினோமே, ஏன் வரவில்லை?' என்று கேட்டால்?

ஹார்லன் கிரீக் என்ற இந்தச் சிற்றூரில் அவள் பார்க்கும் எட்டாவது அதிபர் தேர்தல் இது. அவள் சமைக்கும் உணவகத்தின் சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்தாலே போதும், நாட்டு நடப்பு தெரிந்துவிடும். அக்டோபரில் ஒரே மேஜைக்காரர்கள் இரண்டு மூலைக்குப் பிரிவார்கள். இந்தத் தடவை அவர்கள் ஜெயித்தால் நாடு அவ்வளவுதான் என்று இரண்டு மூலையிலும் ஒரே வார்த்தையைச் சொல்வார்கள். நவம்பர் கடைசியில் யார் வீட்டுக் கூரையாவது காற்றில் பறக்கும். இரண்டு மூலைக்காரர்களும் ஏணியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள்.

ஓட்டுச்சாவடியான மெதடிஸ்ட் சர்ச் கூடத்தில் வரிசை வாசல் வரை நின்றது. ஒரு ஓரத்தில் சர்ச் பெண்கள் ஆப்பிள் பை என்ற இனிப்புப் பலகாரமும் கோழி நூடுல் சூப்பும் விற்றுக்கொண்டிருந்தார்கள். பெயர் சரிபார்க்கும் மேஜையில் டார்லீனும் வெண்டலும்.

இங்கே சாவடி வேலை எதையும் ஒற்றை ஆள் செய்ய முடியாது. கட்சிக்கு ஒருவராக இரண்டு பேர் வேண்டும். காரிலேயே உட்கார்ந்திருக்கும் நொண்டிக் கிழவருக்குச் சீட்டுக் கொண்டுபோவதென்றாலும் இரண்டு பேரும்தான் நடக்க வேண்டும். பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற டார்லீனும், டிராக்டர் மெக்கானிக் வெண்டலும் இருபது வருஷமாக இப்படி ஜோடி சேர்ந்து சண்டை போடுகிறார்கள்.

"வாடி, வா! கோட்டைப் பாரு கோட்டை!" டார்லீன் எழுந்தே விட்டாள். "எங்ககிட்ட சொல்லாம கொள்ளாம குடியுரிமை வாங்கிட்டியா?"

"கத்தாதே. இது ஓட்டுச்சாவடி, உன் பஸ் இல்லே," என்றார் வெண்டல். அட்டையை வாங்கிப் பார்த்து, திரையை அவள் பக்கம் திருப்பினார். "இங்க ஒரு கையெழுத்துப் போடும்மா. சத்தியப் பிரமாணம் எப்ப எடுத்தே? சொல்லியிருந்தா கேக்கோட வந்திருப்போமே."

"அது இனிமேதான்." பைபா பேனாவைத் திரைக்கு அருகே கொண்டுபோனாள். "நேர்காணலே டிசம்பர்லதான் இருக்கு."

குறுக்கே குழந்தை ஓடினால் பிரேக் மிதிக்கிற வேகத்தில் டார்லீன் பேனாவைப் பிடுங்கினாள்.

மேஜையை இன்னொரு ஜோடியிடம் விட்டுவிட்டு, மூன்று பேரும் சர்ச் சமையலறைக்குள் போனார்கள். விஷயத்தை டார்லீன்தான் உடைத்தாள். குடிமகள் அல்லாதவர் ஓட்டுப் போடுவது குற்றம். குடியுரிமை கிடைக்காமலே போகும். நாட்டை விட்டே அனுப்பினாலும் அனுப்பலாம். பைபா கோட்டோடு ஒரு மாவு டப்பாவின் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"போகலேன்னாதான் தப்புன்னு நெனச்சேன்," என்றாள்.

வெளியாட்கள் கூட்டம் கூட்டமாக ஓட்டுப் போடுகிறார்கள் என்று நாலு வருஷமாக அவள் உணவகத்தில் முட்டையைத் தின்றுகொண்டே முழங்கியவர் வெண்டல். 'ஒருத்தரைக் காட்டு, பாக்கலாம்' என்று நாலு வருஷமாகப் பதில் சொன்னவள் டார்லீன். இப்போது ஒருத்தி பச்சைக் கோட்டில் உட்கார்ந்திருந்தாள். இரண்டு பேர் முகத்திலும் ஜெயித்த களையே இல்லை.

"ஒண்ணும் நடக்கலே," என்றாள் டார்லீன். "இவ ஆப்பிள் பை வாங்க வந்தா. வாங்கிட்டுப் போறா."

வெண்டல் சாவடிப் பதிவேட்டைத் திறந்தார். "எழுதணும்."

"யோவ்! இருபது வருஷமா இவ கையால சாப்பிட்டிருக்கே!"

"அதனாலதான் எழுதணுங்கறேன்."

"எழுத வேண்டாம் வெண்டல்," என்றாள் பைபா. "கெஞ்சிக் கேக்கறேன்." பெயரைப் புத்தகத்தில் எழுதினால் என்ன ஆகும் என்று சோவியத் காலத்தில் வளர்ந்த அவளுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

"கேளும்மா. எழுதலேன்னா உன் பேரு பட்டியல்லயே கெடக்கும். என் மருமக கனடாக்காரி. அவ ஃபாரம் பூராவும் நான் கூட உக்காந்துதான் நெரப்பினேன். வாக்காளராப் பதிவு பண்ணியிருக்கியான்னு ஒரு கேள்வி இருக்கு. டிசம்பர்ல அதிகாரி கேப்பான். உன் கையில என்ன காகிதம் இருக்கும்? ஆப்பிள் பை வாங்கின சீட்டா?"

டார்லீன் ஒரு நாற்காலியை அவர் பக்கம் இழுத்துப் போட்டாள். "சரி, எழுது. நான் பாத்துக்கிட்டே இருப்பேன்."

"'ஓட்டுப் போட முயன்றார்'..."

"முயலலே! அடி அதை!"

"கையில பேனா இருந்துச்சே."

"உன் கையிலயும்தான் பேனா இருக்கு. நீ என்ன எழுத்தாளனா?"

மூன்று தாள் கிழிந்தது. மாவட்டத் தேர்தல் அலுவலகத்துக்குப் போன் போட்டு, பெயரை நீக்குவதற்கான வழியையும் கேட்டார்கள். கடைசியில் நின்றது இவ்வளவுதான்: 'தவறுதலாக அனுப்பப்பட்ட அட்டையுடன் வந்தார். தான் குடிமகள் இல்லை என்பதை மறைக்காமல் சொன்னார். கையெழுத்துப் போடவில்லை. வாக்குச்சீட்டு பெறவில்லை. அட்டையைத் திருப்பித் தந்து, பெயரை நீக்கக் கேட்டுக்கொண்டார்.'

"கேட்டுக்கறியா?" என்றார் வெண்டல்.

"கேட்டுக்கறேன்."

அவர் கையெழுத்துப் போட்டார். அதற்குக் கீழே டார்லீன் போட்டாள். நகல் எடுத்துக் கொடுத்தார்கள். பைபா அதை நாலாக மடித்துக்கொண்டு, சூப்புக்காரர்களைத் தாண்டி வெளியே வந்தபோது, வரிசை இன்னும் வாசல் வரை நின்றது.

டிசம்பர் பத்தாம் தேதி அந்த அதிகாரி, ஒல்லியான இளைஞர், அந்தக் கேள்வியைக் கேட்கத்தான் செய்தார். பைபா நகலை நீட்டினாள். அவர் ஒரு முறை படித்தார். மறுபடியும் படித்தார். எழுந்து உள்ளே போனார். பதினைந்து நிமிஷம் பைபா சுவர்க் கடிகாரத்தை முறைத்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வந்தவர் கையெழுத்துகளைக் காட்டிக் கேட்டார்: "ரெண்டு பேரும் எதிர் எதிர் கட்சியா?"

"ஆமாங்க. வெளியே ஒரே வண்டியிலதான் உக்காந்திருக்காங்க."

அவர் சிரிக்கவில்லை. ஆனால் அடுத்த கேள்விக்குப் போனார். அதற்கடுத்த கேள்விக்கும். கடைசியில் ஒரு தாளை அவள் பக்கம் தள்ளினார். தேறிவிட்டாள்.

வண்டிக்குள் ரேடியோவை எந்த நிலையத்தில் வைப்பது என்று சண்டை நடந்துகொண்டிருந்தது. தாளைப் பார்த்ததும் டார்லீன் கட்டிக்கொண்டு அழுதாள். வெண்டல் வண்டியைக் கிளப்பினார். ஊர் எல்லை வருவதற்குள் அவருக்கே பொறுக்கவில்லை.

"சரி, அடுத்த தடவை ஓட்டு யாருக்கு? எங்களுக்கா, இவளுக்கா?"

"அட, இது என்ன கேள்வி, எனக்குத்தான்," என்றாள் டார்லீன்.

நடுவில் உட்கார்ந்திருந்த பைபா இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"சொல்ல மாட்டேன்," என்றாள். அப்படிச் சொல்வது இவ்வளவு நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாமல் போய்விட்டது. இன்னொரு தடவை சொல்லிப் பார்த்தாள். "சொல்லவே மாட்டேன்."